8.5

மாதத்தின் மூன்றாம் செவ்வாய். கொம்தார்.
பொதுச் சுகாதாரக் குழு கூடுகிறது.
ஆளுக்கு இரண்டு கறிபாப்,
ஆடை படர்ந்துபோன தே தாரேக்.
நான் பேசுகிறவள் இல்லை, குறிப்பெடுக்கிறவள்.
இருமலை நீக்குவேன்.
கோபத்தைக் "கருத்து" ஆக்குவேன்.
ஒன்றுமே முடிவாகாததை
"குழு கவனத்தில் கொண்டது" என்று
முடித்துவைப்பேன்.

எட்டாவது அங்கம்:
ஆயர் ஈத்தாம், அடுக்குமாடி, பதினோராம் மாடி.
உரிமமில்லாமல் பிள்ளைகளை ஜாகா பார்க்கும் வீடு.
குளியலறை வாளியில் கொசுப்புழு.
படம், இணைப்பு 'ஈ'.
படத்தில் வாளிக்குப் பின்னால் இரண்டு சின்னக் கால்கள்,
சிலிப்பர் இடம் வலம் மாறி.
அறிக்கையில் கால்கள் இல்லை.

புழு எங்களுடையது என்றது சுகாதாரப் பிரிவு;
ஐந்நூறு வெள்ளி சம்மன் கொடுத்தாயிற்று.
கதவு எங்களுடையது என்றது உரிமப் பிரிவு;
சீல் வைத்தாயிற்று.
பிள்ளைகள் சமூகநலத் துறைக்கு,
அது வேறு கட்டடம்.
அங்கிருந்து வரவேண்டியவர்
வருந்துகிறேன் என்று எழுதி அனுப்பியிருந்தார்.

வீட்டுக்காரி பெயர் பவளராணி.
சம்மனில் தப்பாக இருந்தது, திருத்தினேன்.
திருத்த முடிந்தது அவ்வளவுதான்.
இரண்டு அறையில் பதினொரு பிள்ளைகள்;
இருமல் மருந்து ஊற்றித் தூங்கவைக்கிறாள் என்று புகார்.
பொய் என்று சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.
நானாக இருந்தாலும் மூடியிருப்பேன்.
ஆனால் சாயங்காலம் ஆறு பத்துக்கு
பாயான் லெப்பாஸ் கம்பெனி பஸ் வரும்.
நைட் ஷிப்ட் அம்மாக்கள் ஏறியாக வேண்டும்,
சீல் இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

அன்றிரவு தட்டச்சு செய்தபோது
8.4-க்கும் 9-க்கும் நடுவில்
ஒரு இடம் கிடந்தது.
அதில் அடித்தேன்:
"8.5. பதினொரு பிள்ளைகளும்
இன்றிரவு எங்கே என்று கேட்கப்பட்டது."
கேட்கப்பட்டது.
நல்ல வினைச்சொல். ஆளைக் காட்டிக்கொடுக்காது.
"நடவடிக்கை" என்ற பத்தி காலியாக இருக்கக்கூடாது, விதி.
"அனைவரும்" என்று போட்டேன்.

அடுத்த மாதம்.
திருத்தம் உண்டா என்றார் தலைவர்.
தாள் புரண்டது.
முன்மொழிய ஒரு கை, வழிமொழிய ஒரு கை.
கை பாதி ஏறியபோதே
கவுன்சிலர் தியோ கண்ணாடியை மூக்கில் தள்ளி,
"இந்த 8.5... இதைக் கேட்டது யார்?"

ஏழு வருஷக் குத்தகை வேலை
என் பேனா முனையில் நின்றது.

கடைசி நாற்காலியில் ரஸ்லான்.
வாளியைக் கவிழ்த்தவர், சம்மன் எழுதியவர்.
கேட்டால் மட்டும் வாய் திறக்கவேண்டிய பதவி.
"நான்தான், துவான்."

அவர் கேட்கவில்லை. எனக்குத் தெரியும்.
அவருக்கும் தெரியும், எனக்குத் தெரியும் என்று.

பிறகு சட்டைப்பையிலிருந்து
பழைய சம்மன் தாள் ஒன்றை எடுத்தார்.
பின்பக்கம் முழுக்கப் பென்சில்.
"ஐந்தாம் மாடியில் மூவர், இன்னொரு வீட்டில்.
அந்த வாளியையும் பார்த்துவிட்டேன், சுத்தம்.
இருவர் ஈப்போவில், அத்தை வீட்டில்.
ஒருத்தி அம்மாவோடு பஸ் ஏறுகிறாள்,
தொழிற்சாலைக் காவல் அறையில் தூங்குகிறாள்.
ஒருவனுக்குச் சூராட் பெரானாக் இல்லை,
உரிமமுள்ள எந்த இடமும் சேர்க்காது.
ஏழு."

"மீதி?"

"நான்கு கதவு தட்டினேன், துவான்.
வேலை நேரம் முடிந்த பிறகுதான்."
அதை ஏன் சொன்னார் என்று தெரியவில்லை.
மன்னிப்புக் கேட்பதுபோல் இருந்தது.

தலைவர் என் பக்கம் தலையசைத்தார்.
விரல் பழக்கத்தில் 'க' தேடிப் போனது,
கவனத்தில் கொண்டது என்று அடிக்க.
இழுத்துக்கொண்டேன்.

"நடவடிக்கைக்கு யார் பெயர் போடட்டும், துவான்?"

அந்த அறையில் என் குரலை
நானே அப்போதுதான் கேட்டேன்.
யாரோ கறிபாப் தட்டை
கொஞ்சம் தள்ளி வைத்தார்கள்.